கெங்கம்மா கொட்டாய்

எண்ணூரில் ரயிலைவிட்டு இறங்கிக் கிழக்கே நடந்தால் முதலில் சவுக்குத் தோப்பு வரும். அப்புறம் கழிமுகத்தின் தேங்கின தண்ணீர். அதைத் தாண்டினால் மணல்மேட்டின்மேல் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள், அவற்றுக்கு அப்பால் கடல். சனிக்கிழமை சாயங்காலமானால் துரைகளும் துரைசானிகளும் பட்டணத்திலிருந்து நாயும் ஐஸ்பெட்டியுமாக வந்து இறங்குவார்கள். திங்கட்கிழமை காலையில் வெயிலில் சிவந்த தோலோடு திரும்பிப் போவார்கள். சுதந்திரம் வந்த பிறகு அவர்கள் வரத்து மெல்லமெல்லக் குறைந்து நின்றேபோனது. சில பங்களாக்களைச் சவுகார்பேட்டை வியாபாரிகள் வாங்கிப் பூட்டிப்போட்டார்கள். மற்றவை கேட்பாரில்லாமல் பூட்டிக் கிடந்தன. காற்றடிக்கிற நாட்களில் அவற்றின் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தம் தெற்கே குப்பம்வரைக்கும் கேட்கும்.

கடற்கரைக்குப் போய் நாலு நாள் தங்கிக் காற்று வாங்குவது அதுவரை பங்களா வைத்திருப்பவர்களின் காரியமாகவே இருந்தது. கொருக்குப்பேட்டைப் பட்டறைக்காரனும் பெரம்பூர் மில்காரனும் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கே வந்து தங்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. அப்படி முதலில் நினைத்தவள் கெங்கம்மா. குப்பத்தில் கடைசி வீடு அவளுடையது.

அவள் புருஷன் தேசப்பன் கட்டுமரக்காரன். ஐம்பதாம் வருஷத்து ஐப்பசியில் ஒருநாள் மீனோடு கரை திரும்புகிறபோது, கரைக்குக் கிட்டே அலை கட்டுமரத்தை நிமிர்த்தி எறிந்தது. திரும்ப விழுந்த மரம் அவன் வலது தோளில் விழுந்தது. திருவொற்றியூர் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியதே தவிர, கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. துடுப்புப் போட முடியாதவனை யார் மரத்தில் ஏற்றுவார்கள்? அவன் வலைக்கொட்டாய் வாசலில் உட்கார்ந்து மற்றவர்களின் வலைகளில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தான். உட்காரும்போது கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். பேச்சும் குறைந்துபோயிற்று. பெண்கள் இரண்டு பேரையும் காசிமேட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அந்த மௌனத்தோடு கெங்கம்மா மட்டும் இருந்தாள்.

கரையேறுகிற மீனை அவள் மொத்தமாக எடுத்துக் கூடையில் சுமந்து, காலை ரயிலில் கொருக்குப்பேட்டைக்குப் போவாள். தண்டவாளத்தை ஒட்டிய சந்துகளில் அவள் குரல் வருகிறபோது பூனைகள் முதலில் வரும், பிறகு பெண்கள் வருவார்கள். வெள்ளிக்கிழமையானால் ஆலிஸ் கட்டாயம் மீன் வாங்குவாள். வேதக்காரர்கள் அன்றைக்குக் கறி தொட மாட்டார்கள். ஆலிசின் புருஷன் அம்புரோஸ் தண்டையார்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இரும்பு உருக்கி ஊற்றுகிறவன். அவர்கள் குடியிருந்த வரிசையில் ஒவ்வொரு வீடும் ஓர் அறை. கூட்ஸ் வண்டி போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் மாதா படம் ஆடும். துணி காயப்போட்டால் கரித்தூள் படியும்.

மறுவருஷம் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ஆலிஸ் மீன் வாங்க வெளியே வராமல் கதவோரம் நின்றாள். கண் சிவந்திருந்தது. கெங்கம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு என்ன சேதி என்று கேட்டாள்.

புதுச் சட்டம் வந்து, பட்டறையில் சம்பளத்தோடு லீவு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சம்பளம் கொடுத்து வேலைக்கு வராதே என்று சொல்வார்கள் என்பதை அந்தத் தெருவில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக லீவு எடுத்துக்கொண்டு ஆற்காடு, குடியாத்தம் என்று ஊருக்குப் போய்வந்தார்கள். அம்புரோசுக்கும் லீவு வந்தது. அவனுக்குப் போக ஊர் இல்லை. அவன் அப்பனும் தாத்தனும் ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே செத்தவர்கள். லீவு தொடங்கிய நாளிலிருந்து அவன் அந்த ஓர் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் சத்தம் போட்டால் அடித்தான். முந்தின நாள் ஆலிசை அடித்திருந்தான். அடித்துவிட்டு அவனே அழுதான் என்றும் சொன்னாள்.

“பட்டறைக்குப் போற நாள்ல நல்லாத்தான்க்கா கீறாரு. சும்மா இருன்னாத்தான் அவருக்கு எப்டி இருக்கறதுன்னு தெரில.”

“எங்கியாச்சும் இட்டுகினு போயேன்.”

“எங்கக்கா போறது? எங்களுக்கு ஊரு ஏது?”

கெங்கம்மா ஆலிசுக்கென்று கூறுகட்டி வைத்திருந்த மீனைத் திரும்பக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“எங்க ஊரு கீதே. வலைக்கொட்டாய கூட்டித் தரேன். ரேஷன் அரிசி மட்டும் எடுத்துகினு வா. மீனு எங்கூட்டுது. புள்ளைங்க மண்ணுல பொரளட்டும்.”

மறுநாளே அவள் வலைகளை வெளியே எடுத்துப் போட்டுக் கொட்டாயைப் பெருக்கினாள். கடலோரத்து வெள்ளை மணலைக் கூடையில் சுமந்துவந்து தரைமேல் பரப்பினாள். கட்டுமரத்தின் கிழிந்த பாய்த்துணி ஒன்றைத் தடுப்பாகக் கட்டி, மூலையில் புதுப்பானையில் தண்ணீர் வைத்தாள். தேசப்பன் வந்து பார்த்தபோது வலைகள் வெயிலில் கிடந்தன. விஷயம் தெரிந்ததும் அவன் முகம் கறுத்தது.

“என் வூட்ட சத்திரமாக்கிட்டியா?”

“சத்திரத்துல சோறு போட்டா புண்ணியமாச்சும் வரும். உன் முதுவையே பாத்துகினு குந்திகினு கீறேனே, அதுல எனக்கு இன்னா வருது?”

அவன் கட்டுமரங்கள் ஏற்றிவைத்திருக்கும் பக்கமாகப் போய்விட்டான். ஆலிசும் அம்புரோசும் இரண்டு பிள்ளைகளும் ஒரு துணிமூட்டையோடு வந்து இறங்கியபோது அவன் அங்கே இல்லை. அன்றும் மறுநாளும் அவர்கள் கண்ணில் படாமலே இருந்தான். கெங்கம்மா வைத்த சோற்றையும் தொடவில்லை.

வந்தவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆலிஸ் விடியுமுன் எழுந்து கெங்கம்மாவின் பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்தாள். கெங்கம்மா அவற்றைப் பிடுங்கி வைத்தாள். ஆலிஸ் துடைப்பத்தை எடுத்தாள். அதையும் பிடுங்கினாள். கடைசியில் அவள் தோளைப் பிடித்து அழுத்திக் கொட்டாய் வாசலில் உட்கார வைத்தாள்.

“சும்மா குந்துடி.”

“சும்மா எப்டிக்கா குந்தறது?”

“நீ குந்து, அது தானா வரும்.”

மத்தியானம் சங்கரா மீன் குழம்பு, கழிமுகத்து இறாலோடு முருங்கைக்காய், பொரித்த நெத்திலி. ஆலிசுக்கும் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஆலிஸ் மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடிச்சட்டியில் இருப்பதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். தனக்காக ஒருத்தி பரிமாறிவிட்டு எதிரில் நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வேகவேகமாகச் சாப்பிட்டாள். மறுநாள் நிதானமாகச் சாப்பிட்டாள். அதற்கும் மறுநாள், இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கிறதா என்று தானே கேட்டாள். கெங்கம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

அம்புரோஸ் ஒரு கட்டுமரத்தின் நிழலில் படுத்துத் தூங்கினான். அவன் அப்படிப் பகலெல்லாம் தூங்கிப் பார்த்திராத பிள்ளைகள் அப்பாவுக்குக் காய்ச்சலோ என்று பயந்தார்கள். எழுந்ததும் அலையோரம் போய் நின்றான். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அலை வந்தால் பின்னால் நகர்வான். அது போனதும் பழையபடி முன்னால் போய் நிற்பான். அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கைகளில் முழங்கைவரைக்கும் உருகின இரும்பு தெறித்த வடு.

இதைத் தூரத்திலிருந்து தேசப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். மீன்பிடிக்கிற வீட்டில் வந்து இறங்கிய ஆள் அலையைக் கண்டு ஓடுவது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பொறுக்கமாட்டாமல் எழுந்து பக்கத்தில் போனான்.

“இன்னாபா, அலைக்கு வயி வுட்டுகினே கீற?”

“பயமா கீது நைனா.”

“நெருப்பாண்ட நிக்கற ஆளுக்குத் தண்ணியில இன்னா பயம்?”

“நெருப்பு எங்கேந்து தெறிக்கும்னு தெரியும். இது எங்கேந்து கெளம்பி வருதுன்னே தெரிலயே.”

தேசப்பன் சிரித்தான். தோள் போன பிறகு அவன் சிரித்ததைக் குப்பத்தில் யாரும் பார்த்திருக்கவில்லை. இடது கையால் அம்புரோசின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அலை நிமிர்ந்து வரும்போது மாரைக் காட்டாதே, பக்கவாட்டில் திரும்பு என்று சொன்னான். பெரிசாக வந்தால் அதன் அடியில் தலையைக் கொடு, அது உன்மேலே போய்விடும் என்றான். முதல் இரண்டு தடவை அம்புரோஸ் உருண்டான். அடுத்த தடவை அலை அவனைத் தாண்டிப் போயிற்று. அவன் எழுந்து நின்று, தாண்டிப் போன அலையைத் திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு அவனை வெளியே கூப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளையும் கூட்டிவந்து இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்துக்கொண்டான்.

கரையில் வந்து உட்கார்ந்து அவன் கைலியைப் பிழிந்தான். பிறகு சொன்னான்:

“பத்து வருசமா இந்த ஒடம்பு கொதிச்சுகினே இருந்துச்சு நைனா. இன்னிக்குத்தான் ஆறிச்சு.”

தேசப்பன் தன் வலது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். தண்ணீரில் இருந்த நேரமெல்லாம் அந்தத் தோள் வலிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்கு அவனே வந்து சோறு போடச் சொல்லி உட்கார்ந்தான். அம்புரோசுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

புறப்படும்போது அம்புரோஸ் ஏதோ மடித்துக் கொடுத்தான். கெங்கம்மா அதைப் பிரித்துப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு ரயிலுக்கே அதைவிட அதிகம் ஆகும் என்று ஆலிஸ் பிற்பாடு தெருவில் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்: அங்கே போய்வந்த பிறகு அவர் கை நீட்டுவதில்லை.

தெரு நம்பிற்று. அடுத்த மாதம் பட்டறையிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. அவர்களைப் பார்த்துத் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஆடிக்குள் பெரம்பூர் மில் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கட்டுச்சோற்றோடு வந்து சாயங்கால ரயிலில் திரும்ப ஆரம்பித்தார்கள். கெங்கம்மா மீன் விற்கப் போவதை விட்டுவிட்டுக் கீற்றும் சவுக்குக் கழியும் வாங்கி இன்னும் இரண்டு கொட்டாய் போட்டாள். குப்பத்துப் பெண்கள் சிலர் கல்லடுப்பு மூட்டி நண்டு வறுத்து விற்றார்கள். ஒருத்தி தன் வீட்டின் முன்பாதியைத் தடுத்துத் தங்க விட்டாள். எண்ணூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் வழி கேட்டால், “கெங்கம்மா கொட்டாய்க்கா?” என்று வாசலில் டிக்கெட் வாங்குகிற ரயில்வேக்காரரே கைகாட்டும்படி ஆயிற்று.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் ரகுபதி நியாயமான மனுஷர். அதிகம் பேசமாட்டார். வலை காயப்போட்ட இடத்தில் செருப்புக்காலோடு நடக்கிறார்கள் என்றார். கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கெங்கம்மா வருகிறவர்களிடம் சொல்லித் திருத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். தன் கொட்டாயில் தங்கினவர்களைத் திருத்தவும் திருத்தினாள். ஆனால் பகலில் வந்து போகிற கூட்டம் அவள் பேச்சுக்குள் அடங்குகிறதாக இல்லை.

புரட்டாசியில் அது நடந்தது. பெரம்பூர்ப் பக்கத்துப் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எந்தக் கொட்டாயிலும் தங்க வந்தவர்களில்லை. வடக்கே, கழிமுகம் கடலோடு சேருகிற இடத்தில் தண்ணீர் அமைதியாக இருப்பதைப் பார்த்து அங்கே இறங்கினார்கள். அடியில் இழுக்கிற இடம் அது. குப்பத்தில் யாரும் அங்கே கால் வைக்கமாட்டார்கள். ஒருவனை இழுத்துக்கொண்டு போயிற்று. கட்டுமரங்கள் இரண்டு போய்த் தேடியும் அகப்படவில்லை. மறுநாள் மத்தியானம் கத்திவாக்கத்துப் பக்கம் உடல் ஒதுங்கிற்று.

போலீஸ்காரர்கள் வந்தார்கள். தேடப் போன ஆட்களையே சாட்சிக்கென்று கூட்டிப்போய்ப் பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அந்த நாள் மீன்பாடு போயிற்று. பையனின் தாய் வந்து மணலில் விழுந்து புரண்டாள். அவளை யாராலும் தூக்க முடியவில்லை. கெங்கம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெயில் சாய்கிறவரைக்கும் அப்படியே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தேசப்பனிடம் சொன்னாள்:

“கொட்டாயப் பிரிச்சுப் போட்ரு. நமக்கு வேணாம் இது.”

குப்பமும் அதையே சொன்னது. அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். வெளியாட்கள் யாரும் தங்கக் கூடாது, தீபாவளிக்குள் கொட்டாய்களைப் பிரித்துவிட வேண்டும் என்று ரகுபதி சொன்னார். கெங்கம்மா பெண்கள் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். எதிர்த்துப் பேச அவளுக்கு மனசில்லை. ஆரம்பத்திலிருந்து இது வேண்டாம் என்றிருந்த தேசப்பன்தான் எழுந்து நின்றான்.

“நாட்டாரே, கொட்டாயப் பிரிச்சா அவுங்க வராம பூடுவாங்களா? ரயிலு வந்துகினுதானே கீது. அவுங்களும் வருவாங்கோ. எங்க எறங்கணும், எங்க எறங்கக் கூடாதுன்னு சொல்ல ஆளில்லாம எறங்குவாங்கோ.”

“அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?”

“நான் தண்ணியில நிக்கறேன்.”

யாரோ சிரித்தார்கள். ஒத்தைக் கையை வைத்துக்கொண்டு யாரை இழுத்துவரப் போகிறாய் என்று கேட்டார்கள். தேசப்பனுக்குக் கோபம் வரவில்லை.

“இஸ்துகினு வர்றதுக்குத்தான் ரெண்டு கை வோணும். போவாதன்னு தடுக்கறதுக்கு ஒரு கை போதும்.”

ரகுபதி காணும் பொங்கல்வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் இன்னோர் ஆள் போனால் நீயே உன் கையால் பிரித்துப் போட வேண்டும் என்றார். தேசப்பன் சரியென்றான்.

மழைக்காலத்தில் தங்க வருகிறவர்கள் இல்லை. ஐப்பசி முழுக்க வாடைக்காற்று கீற்றைப் பிய்த்தது. கெங்கம்மா பிரிக்கவுமில்லை, செப்பனிடவுமில்லை. தேசப்பன் மட்டும் ஓயவில்லை. மழை விடுகிற காலைகளில் ஒரு நீளக் கழியோடு தண்ணீரில் இறங்கி அடிமணலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தான். எங்கே சரிவு, எங்கே பள்ளம், எங்கே இழுப்பு என்று பார்த்துப் பார்த்து இடம் தேர்ந்தான். சவுக்குக் கழிகளில் சிவப்புத் துணி கட்டி அலையோரம் நட்டான். தடித்த கயிற்றில் வலைக்குக் கட்டுகிற மிதப்புக் கட்டைகளைக் கோத்து, அலைக்குள்ளே வளைத்து எல்லை போட்டான். துணி கெங்கம்மாவின் பழைய புடவை. அவள் கிழித்துக் கொடுக்கும்போது கேட்டாள்:

“வூட்ட சத்திரமாக்கிட்டேன்னு பேசினியே. இப்ப எதுக்கு இம்மாம் பாடு?”

அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னான்: “மரத்துல போவ முடிலன்னா கடலே முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன்.”

மறுநாள் அவள் கீற்று வாங்கிவந்து கொட்டாய்களைச் செப்பனிட ஆரம்பித்தாள்.

காணும் பொங்கல் அன்று விடிகாலையிலிருந்தே ஜனம் வந்து இறங்கிற்று. ரயில் பெட்டிப் படிகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். பொன்னேரிப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டிகள் வந்து சவுக்குத் தோப்பில் நின்றன. மணலெங்கும் புளிச்சோற்று வாசனை, கரும்புச் சக்கை, பிள்ளைகளின் கூச்சல். அம்புரோசும் ஆலிசும் முந்தின நாளே வந்திருந்தார்கள். அம்புரோஸ் தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு தேசப்பனுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். ஆலிஸ், புதிதாக வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்ற பெண்களையெல்லாம் கூப்பிட்டு நிழலில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். ரகுபதி கட்டுமரங்களின் பக்கத்தில் ஒரு சுருட்டோடு உட்கார்ந்து காலையிலிருந்து கடலையே பார்த்தார்.

மத்தியானம்வரை ஒரு குறையுமில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது தேசப்பன் தண்ணீரில் குனிந்து கையை விட்டுப் பார்த்தான். தெற்கேயிருந்து நீரோட்டம் பிடித்திருந்தது. கயிற்றின் மிதப்புகள் எல்லாம் வடக்கே, கழிமுகத்தின் பக்கம் சாய்ந்து இழுபட்டன. அவன் எல்லாரையும் கரையேறச் சொல்லிக் குரல் கொடுத்தான். குடும்பத்தோடு வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். வாலிபர்கள் சிலர் ஏறவில்லை. அவர்கள்மேல் கள்ளச்சாராய வாடை அடித்தது. கயிற்றைத் தாண்டிப் போக முனைந்த ஒருவனைத் தேசப்பன் மறித்தான்.

“நீ யாருய்யா? கடலு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?” என்று அவன் தேசப்பனைத் தள்ளினான். பின்னாலிருந்து வந்த அலை தேசப்பனை வலது தோள்பக்கமாக அடித்துச் சாய்த்தது. அம்புரோஸ் பாய்ந்துபோய்த் தூக்கினான். தேசப்பனின் முகம் வலியில் கோணிப்போயிருந்தது. அப்படியிருந்தும் கயிற்றை விடவில்லை.

கரையில் ரகுபதி எழுந்தார். சுருட்டை மணலில் குத்தி அணைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். யாரையும் கூப்பிடவில்லை. அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு, சீட்டு விளையாடிக்கொண்டிருந்த குப்பத்து ஆட்களும் வலை அலசிக்கொண்டிருந்தவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நெஞ்சளவு தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கரைவலையை இழுத்துக்கொண்டு வருவதுபோல, உள்ளே இருந்த அத்தனை பேரையும் முன்னால் தள்ளிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தார்கள். தேசப்பனைத் தள்ளிவிட்ட பையனை அதற்குள் ஓட்டம் கொஞ்சதூரம் இழுத்துப் போயிருந்தது. அவன் ஒரு மிதப்புக் கட்டையைக் கட்டிக்கொண்டு தொங்கினான். ரகுபதி தானே போய் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தார். கரையில் போட்டதும் ஓங்கி ஒன்று விட்டார். அவன் தண்ணீரைக் கக்கிவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கெங்கம்மா அந்த நேரமெல்லாம் அலையோரம் நின்று தலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி ஆளும் ஏறிய பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆலிஸ்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

ரகுபதி ஈரவேட்டியோடு கொட்டாய் வாசலுக்கு வந்தார். கெங்கம்மா சுக்குக் காப்பி கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடித்தார். லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு, தோளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த தேசப்பனைப் பார்த்துச் சொன்னார்:

“அந்தக் கவுறு பத்தாது. இன்னும் நீட்டாப் போடணும். ஞாயித்துக்கெயமயில நம்ம ஆளுங்க நாலு பேரு நிப்பாங்கோ.”

கொட்டாயைப் பிரிப்பதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

அந்தக் கோடையில் கடலோரத்தில் பங்களாக்களைவிடக் கொட்டாய்கள் அதிகம் ஆகிவிட்டன. வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். லீவுக்கு எங்கே போகிறாய் என்று பட்டறைகளில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். கரியும் சூடும் படிந்த உடம்புகளோடு வந்து, நாலு நாள் மீனும் சோறும் தின்று, அலையில் உருண்டு, தூங்கி, வேறு ஆட்களாகத் திரும்பிப் போனார்கள். தேசப்பனும் ரகுபதி அனுப்பிய ஆட்களும் முறைவைத்து நின்றார்கள். தண்ணீரில் நிற்கிறவருக்கு ஒவ்வொரு கொட்டாயிலிருந்தும் ஒருவேளைச் சாப்பாடு என்று குப்பத்தில் பேசி முடித்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் வடிந்தது. ஆனி மாதத்தில் ஒருநாள் பிற்பகல் கொட்டாயில் ஒருவரும் இல்லை. கெங்கம்மா கோரைப்பாய்களை அலசிக் கயிற்றில் உலர்த்திக்கொண்டிருந்தாள். தேசப்பன் பழக்கதோஷத்தில் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து அவளைக் கூப்பிட்டான். அவள் ஏதோ வேலைக்கென்று நினைத்து அலையோரம் போனாள்.

“எறங்கு,” என்றான்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மரம் கரையேறும்போது கூடையை எடுக்க முழங்கால்வரை போனதுண்டு. அதற்கு மேல் அந்தக் குப்பத்தில் எந்தப் பெண்ணும் போனதில்லை. புருஷன் திரும்பிவருகிறானா என்று கரையில் நின்று பார்க்கிற கடல்தான் அவர்களுக்கு.

“பொம்பளைங்க எறங்கற கடலாய்யா இது?”

“கொருக்குப்பேட்ட பொம்பளைங்க எறங்கறாங்க. வண்ணாரப்பேட்ட பொம்பளைங்க எறங்கறாங்க. உனக்கு இன்னா?”

“பாய் காயணும்.”

“அது காயும். நீ வா.”

அவள் முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வோர் அடியாக வைத்தாள். தொடைக்குத் தண்ணீர் வந்ததும் சிலிர்த்து நின்றுவிட்டாள். அவன் இடது கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு நடந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். கால்களுக்கு அடியில் மணல் நழுவிக்கொண்டே இருந்தது. அவன் சொல்லிக்கொடுக்க வாயைத் திறப்பதற்குள் அலை வந்து அவளைக் கவிழ்த்துவிட்டது. கொண்டை அவிழ்ந்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே அவன் தோளைப் பற்றி எழுந்தாள்.

அவன் பயந்துபோய், கரைக்குப் போகலாமா என்று கேட்டான்.

கெங்கம்மா முகத்து மயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்தாள். தூரத்தில் இன்னொன்று நிமிர ஆரம்பித்திருந்தது.

“இருய்யா,” என்றாள். “அது வரட்டும்.”